ஆய்வுகூடத்தில் விரித்த பாய்

என்னோடு ஒரே வாங்கில் இடித்துக்கொண்டு அமர்ந்திருந்தவர்களே, இன்று முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டும், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே வீடெங்கும் தேடிக்கொண்டும் இருக்கும் என் வயதொத்தவர்களே, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். நம் பேரப்பிள்ளைகளுக்கு இது விளங்காது. உயர்தரத்துக்கு எந்தப் பிரிவை எடுப்பதென்று அவர்கள் கைப்பேசியைப் பார்த்தபடியே ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் தீர்மானித்துவிடுகிறார்கள். நமக்கோ அந்தத் தீர்மானத்துக்குச் சோளகக் காற்று வீசும் ஒரு காலம் முழுவதும் தேவைப்பட்டது. அதுவும் போதாமல் ஊர் முழுவதும் தேவைப்பட்டது.

என் எழுத்தைப் பற்றி ஒரு சொல்லை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இத்தமிழை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. கடையில் சீனி சுற்றித் தந்த பத்திரிகைத் தாள்களிலிருந்தும், பிறர் பிள்ளைகள் படித்து முடித்து ஒதுக்கிய புத்தகங்களிலிருந்தும் நானே பொறுக்கிச் சேர்த்துக்கொண்டது. ஆகையால் சில இடங்களில் என் வசனம் பெருநாள் உடுப்பு அணிந்த சிறுபிள்ளையைப் போல விறைத்து நிற்கக்கூடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரை நீங்கள் அறிவீர்கள். மேற்கே கடல், கிழக்கே உப்புநீர்க் களப்பு, நடுவே உப்பு வயல்களும் தென்னையும். சோளகக் காற்று எழுந்துவிட்டால் ஊரில் மூடி வைக்காத பொருள் எதுவும் மணலுக்குத் தப்பாது. நம் பாடசாலையில் கிடுகு வேய்ந்த மூன்று கொட்டகைகள் இருந்தன. அவற்றுக்குச் சுவர் இடுப்பளவு; தரை மணல். இவற்றுக்குப் பின்னால், சீமெந்துத் தரையும் ஓட்டுக் கூரையும் பூட்டக்கூடிய கதவும் கொண்ட ஒரேயொரு கல் அறை இருந்தது. யாரோ ஒரு கொடையாளி கட்டிக்கொடுத்து, எதற்கென்று தெரியாமல் உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருந்த அறை அது. இக்கதை அந்த அறையைப் பற்றியது.

சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரம் அது. நான் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமைச் சித்தி பெற்றிருந்தேன். நமக்கு விஞ்ஞானம் கற்பித்தவர் உடப்பிலிருந்து வந்துபோன இளம் ஆசிரியர். ஊரார் அவரை உடப்பு மாஸ்டர் என்றே அழைத்தார்கள். நெற்றியில் திருநீறும் கையில் துணிப்பையுமாக, காலை பஸ்ஸில் பாண்காரனுக்கு அடுத்தபடியாக இறங்குவார். பெறுபேறு வந்த மறுநாள் அவர் கரும்பலகையில் மூன்று கோடுகளைக் கீறினார்.

"இங்க பாருங்க பிள்ளைகள். இது விஞ்ஞானம், இது வர்த்தகம், இது கலை. நீங்க எந்தப் பாதையில போகணுமெண்டு இப்பவே யோசிக்கணும். நடுவுல இறங்கி மத்தப் பஸ்ஸில ஏற ஏலாது."

"சேர், மூணும் எங்க போய் நிக்கும்?" என்று கடைசி வாங்கிலிருந்து ஒருவன் கேட்டான்.

"நீ எதுல ஏறினாலும் கன்டீன்லதான் போய் நிப்பாய்," என்றார் மாஸ்டர். நாம் அனைவரும் சிரித்தோம், அவனும் சிரித்தான்.

பின்பு அவர் நிதானமாக விளக்கினார். விஞ்ஞானப் பிரிவுக்குத் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று நான்கு பாடங்கள். அவற்றை எடுப்பதற்குச் சாதாரண தரத்தில் இன்னின்ன பாடங்களில் இன்ன சித்தி வேண்டும். அவையெல்லாம் இருந்தாலும் நம் பாடசாலையில் அந்தப் பிரிவு இல்லை. அதைத் தொடங்குவதற்குக் கல்விக் கந்தோர் அனுமதி தர வேண்டும். அனுமதிக்கு இரண்டு நிபந்தனைகள்: தகுதி பெற்ற ஆறு பிள்ளைகள் இருக்க வேண்டும், ஓர் ஆய்வுகூடம் இருக்க வேண்டும்.

நான் ஏன் அதை அவ்வளவு விரும்பினேன் என்பதை உங்களில் பலரிடம் அக்காலத்தில் சொன்னதில்லை. என் வாப்பாவுக்குக் கடற்கரையில் கருவாடு காயவைக்கும் வாடி இருந்தது. பள்ளி விட்டதும் நானும் உம்மாவோடு அமர்ந்து மீன் பிளப்பேன். ஒருநாள் ஒரு சிறிய சுறாவின் வயிற்றைக் கீறியபோது, அதன் இதயம் தனியாகக் கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. விழுந்த பின்னும் அது துடித்தது. மீன் ஏற்கெனவே இறந்திருந்தது, தலையும் போய்விட்டது. ஆயினும் அந்தச் சிவந்த சிறு துண்டு யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் என் கையில் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. உம்மாவிடம் காட்டினேன். "ரூஹு பிரிய நேரமெடுக்குது. கீழ போட்டுட்டு வேலயப் பாரு," என்றார். மாஸ்டரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்து, "அதுக்குரிய பதில் உயர்தர விலங்கியல்ல இருக்கு பிள்ளை. அவசரப்படாம வா," என்றார். என் ஆசையின் முழு வரலாறும் இவ்வளவுதான்.

வாப்பாவிடம் மாஸ்டரே வந்து பேசினார். புத்தளம் நகரப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு உண்டு. மகளை அங்கே சேர்க்கலாம் என்றார்.

வாப்பா கடுமையானவர் அல்லர். மெல்லத் தலையசைத்தார். "டவுனுக்கு விட ஏலா மாஸ்டர். பஸ்ஸு போனாப் போச்சு, வந்தா வந்திச்சி. பொம்புளப் புள்ளய ரோட்டுல நிக்கவெச்சிட்டு எனக்கு வாடியில வேல ஓடாது. ஆனா ஒண்டு செல்றேன். இந்த ஊருக்குள்ள அந்த வகுப்பு வரட்டும். அவ எவ்வளவு வேணுண்டாலும் படிக்கட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"வாக்குத்தானே?" என்றார் மாஸ்டர்.

"வாக்குத்தான்."

அன்றுமுதல் என் வாழ்வு அந்தக் கல் அறையின் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆறு பேரைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. பையன்கள் இருவர், பெண்கள் மூவர் என்று ஐவர் சேர்ந்தோம். ஆறாவதாகத் தகுதியுடன் இருந்தவள் என் மாமி மகள் ஒருத்தியே. அவளோ வர்த்தகம் படித்து மதுரங்குளியில் தன் மூத்தவாப்பாவின் கடையில் கணக்குப் பார்க்க வேண்டுமென்று கனவு கண்டுகொண்டிருந்தாள். அவளை மடக்குவதற்காக ஒரு பின்னேரம் முழுவதும் அவள் வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு ரத்தத்தக் கண்டா கண்ணு இருட்டும் மச்சி," என்றாள்.

"நாம வெட்டப்போறது தேரை. அதுக்கு ரத்தம் கொஞ்சந்தானாம்."

"நீ பாத்தியா?"

"மாஸ்டர் சொன்னாரு."

"மாஸ்டர் மரக்கறி சாப்புடுற மனுசன். அவருக்கென்ன தெரியும்?" சிறிது நேரம் வாளிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றாள். "சரி. நீ வெட்டு. நான் அந்தப் பக்கம் திரும்பி நிண்டு படம் கீறுறேன். அதுக்குச் சம்மதமெண்டா என்ட பேரயும் குடு."

வெட்டப்படும் பிராணியைப் பார்க்காமலே அதன் படத்தைக் கீறுவது எவ்வாறென்று நான் கேட்கவில்லை. அவள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

அதன்பின் ஆய்வுகூடம். அதை எண்ணும்போது இப்போதும் என் மூக்கில் தாரின் மணம் ஏறுகிறது. ஓடாவி ஒருவர் உடைந்த வள்ளத்தின் பலகைகளைக் கொண்டு நீண்டதொரு மேசை செய்து தந்தார். அமிலம் பட்டாலும் கெடாதிருக்க வேண்டுமென்று மாஸ்டர் சொன்னதால், வள்ளத்துக்குப் பூசும் தாரையே அதன்மேலும் பூசினார். அது காய்வதற்குப் பல நாள் சென்றது. அதில் கைவைத்தவர்கள் எல்லோருக்கும் உள்ளங்கை கறுத்தது. யார் யார் ஆய்வுகூடத்துக்குள் போய்வந்தார்கள் என்பதைப் பாடசாலை அதிபர் எங்கள் கையைப் பார்த்தே கண்டுகொண்டார்.

சீனிமிட்டாய்ப் போத்தல்களைக் கடைக்காரர்கள் தந்தார்கள். அவற்றில் கடற்குதிரையும், கடலட்டையும், வாப்பாவின் வலையில் வந்த விரலளவான சுறாக்குட்டி ஒன்றும் மிதந்தன. மைக்கூட்டின் மூடியில் துளையிட்டுத் திரி போட்டு ஸ்பிரிட் விளக்குச் செய்தோம். பிஸ்கட் டின் ஒன்றின் அகன்ற மூடியில் மெழுகுதிரிகளை உருக்கி ஊற்றி, பிராணியைக் கிடத்திக் குண்டூசி குத்துவதற்கான தட்டு ஒன்றை நானே செய்தேன். மெழுகு ஆறியபோது அதன் முகம் களப்பைப் போல அசைவற்று இருந்தது. நான் முதன்முதலாக என் கையால் செய்த கருவி அதுதான். பரிசோதனைக் குழாய்களை மாஸ்டர் சிலாபத்திலிருந்து வைக்கோலில் பொதிந்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். பக்கத்து ஆசனத்துக்காரர் முட்டை என்று எண்ணி விலை கேட்டாராம்.

உப்பு வயல்காரர்கள் நூலில் கட்டித் தொங்கவிட்டு வளர்த்த உப்புப் பளிங்குகளைக் கொடுத்தார்கள். மூலை பிசகாத சதுரங்கள் அவை. அவற்றைச் சாளரத்தின் ஓரம் தொங்கவிட்டோம். மாலை வெயில் அவற்றினூடே விழுந்து தார் மேசையில் சிறுசிறு ஒளிக்கட்டிகளாகக் கிடக்கும். இரசாயனவியல் என்றால் இதுதான் போலும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

தேரைதான் பெருஞ்சிக்கலாயிற்று. உப்புக் காற்றடிக்கும் நம் மணலில் தேரைக்கு என்ன வேலை? மதுரங்குளிப் பக்கத்து வயல்களிலிருந்து, தேங்காய் ஏற்ற வந்த லொறிக்காரர் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஈரச் சாக்கு மூடி எட்டுத் தேரைகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார். உம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அல்லாஹ்வே! மனுசருக்குக் குடிக்க நல்ல தண்ணி ரெண்டு கட்ட தூரத்திலேந்து வருது. இதுகளுக்கு யாரு அள்ளி ஊத்துற?"

"நான் அள்ளுறேன் உம்மா."

"படிச்சி டாக்குத்தர் ஆவியெண்டு பாத்தா, தவக்களைக்குத் தாதியாப் போனியே புள்ள!"

திட்டிக்கொண்டே அவரும் காலையும் மாலையும் சாக்கை நனைத்தார் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

கல்வி அதிகாரி வரும் நாள் அறிவிக்கப்பட்டது. அதிகாரி பிற்பகலில் வருவார், அறையைப் பார்ப்பார், நாங்கள் ஆறு பேரும் மேசையருகே நிற்க வேண்டும், நான் தேரையின் உறுப்புகளைக் காட்ட வேண்டும், மாமி மகள் படத்தை விளக்க வேண்டும். ஒவ்வொருவர் நிற்கும் இடத்தையும் மாஸ்டர் சுண்ணக்கட்டியால் தரையில் குறித்து வைத்தார். முதல்நாள் மாலை அறையைப் பூட்டிவிட்டுச் சாவியை அதிபரிடம் கொடுத்தார். அன்று அவ்வறை இருந்த அழகு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இங்கேதான் நம் ஊரின் குணம் உள்ளே நுழைந்தது. பள்ளிவாசல் நிருவாகத்தின் தலைவரான மரைக்கார், அதிகாரி வருகிறார் என்றதும் ஒரு கிடாயை அறுக்கச் சொல்லிவிட்டார். ஊருக்காக ஒருவர் வருகிறார். அவரைத் தேநீரோடு அனுப்புவதா? சஹன் வைக்க வேண்டும். பெரிய தட்டொன்றில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேர் ஒன்றாக அமர்ந்து உண்ணும் விருந்தை விடப் பெரிய மரியாதை நம்மிடம் இருந்ததில்லை. அதிகாரியுடன் வருவோர், நிருவாகத்தார், ஊர்ப் பெரியவர்கள் என்று பல சஹன்களுக்கு ஏற்பாடாயிற்று.

காலையில் கொட்டகையில் பாய் விரித்தார்கள். சோளகம் அன்று வெறிகொண்டு வீசியது. விரித்த பாய் எழுந்து நடந்தது. மாதிரிக்காக வைத்த வெறுந்தட்டில் கண்மூடித் திறப்பதற்குள் மணல் படிந்தது. மரைக்கார் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். பின்பு கல் அறையைப் பார்த்தார்.

"மாஸ்டர், அந்த ரூமத் தொறங்க."

"மரைக்கார், அது ஆய்வுகூடம்."

"தெரியும் மாஸ்டர். நாங்கதானே செஞ்ச. ஒரு மணித்தியாலம் சாமான வெளிய வெப்போம். அவங்க சாப்புட்டுக் கை கழுவ, பொடியன்மாரு எல்லாத்தயும் உள்ளுக்கு வெச்சிருவானுகள். வந்த மனுசன மண்ணுத் திங்க வெக்க ஏலுமா? ஊரு என்னெண்டு பேரு எடுக்கும்?"

"அவர் முதல்ல அறையப் பாக்கட்டும். பொறகு சாப்புடலாம்."

"வெறும் வயித்தோட ஒரு மனுசனுக்கு எதுதான் நல்லாத் தெரியும், சொல்லுங்க?"

அதிபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆய்வுகூடத்தை அமைத்துக்கொடுத்தது ஊர். மாஸ்டர் வெளியூர்க்காரர். அதிபர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

மேசையை நால்வர் தூக்கி வேப்பமரத்தடியில் வைத்தார்கள். போத்தல்கள் அதிபரின் அலுமாரிக்குப் போயின. உப்புப் பளிங்குகளை யாரோ நூலோடு அறுத்து ஒரு பெட்டியில் போட்டார்கள். முதல்நாளே நான் கொண்டுவந்து வைத்திருந்த தேரைத் தகரம் அறையின் பின்மூலையில் நிழலாக இருக்கிறதென்று அங்கேயே விடப்பட்டது. மாஸ்டரின் சுண்ணக்கட்டிக் குறிகளின்மேல் பாய்கள் விரிந்தன. பன்னீர் தெளித்தார்கள்.

பெண்பிள்ளைகள் நால்வரும் வெள்ளைச் சீருடையில் வந்து நின்றோம். மரைக்காரின் மனைவி எங்களைக் கண்டதும், "நல்ல நேரத்துல வந்தீங்க புள்ளயள். வெங்காயம் உரிக்க ஆள் இல்ல," என்றார். ஒரு பெரியவரின் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லும் பழக்கம் நமக்கு இல்லை. அறையின் பின்சாளரத்துக்கு நேரே இருந்த சமையல் பந்தலில் அமர்ந்து வெங்காயம் உரித்தோம். தேரையைக் கீறுவதற்காக நான் தீட்டி வைத்திருந்த சிறுகத்தியும் அதற்கே பயன்பட்டது.

அதிகாரியின் ஜீப் வழியில் மணலில் புதைந்துவிட்டது. அவர் வந்துசேர மாலை அஸர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. களைத்துப் போயிருந்தார். வந்தவரை நேரே பாயில் அமர்த்தினார்கள். சாளரத்தின் வழியே எல்லாவற்றையும் எங்களால் பார்க்கவும் கேட்கவும் முடிந்தது.

"ஆய்வுகூடம் எங்க இருக்குது?" என்றார் அதிகாரி, முதல் கவளத்துக்குப் பின்.

"இதுதான் சேர்," என்றார் அதிபர்.

"எது?"

"நாம இருக்கிற இந்த ரூம்."

மாஸ்டர் வேகமாக எழுந்துபோய்க் கடற்குதிரைப் போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். அதிகாரி சோறு பிசைந்த கையோடு அதைப் பார்த்து, "வடிவா இருக்குது," என்றார்.

"விஞ்ஞானம் படிக்கப் போற பிள்ளைகள் எங்க?"

"பின்னால சமைக்கிறாங்க சேர்," என்றார் மரைக்கார் பெருமையோடு. "நீங்க சாப்புடுறது அவங்கட கைப்பக்குவம்."

"அப்படியா! அருமையான பிள்ளைகள்."

பந்தலில் மாமி மகள் என் காதருகே குனிந்தாள். "மச்சி, நாம உரிச்ச வெங்காயத்துக்கே மனுசன் இப்படிப் பாராட்டுறாரு. தேரையக் கண்டிருந்தா அழுதிருப்பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணில் வழிந்த நீருக்கு வெங்காயம் இருந்தது நல்லதாயிற்று.

அந்த வேளையில்தான் மூலையில் நீட்டியிருந்த யாரோ ஒருவரின் கால் பட்டுத் தகரம் சரிந்தது. தேரை ஒன்று ஈரச் சாக்கிலிருந்து புறப்பட்டு, இரண்டு சஹன்களுக்கு நடுவே வந்து அமர்ந்து, தொண்டையை அசைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்தது. பெரியவர்கள் கால்களைத் தூக்கினார்கள். மரைக்கார் அதைத் தொப்பியால் மூடப் பார்த்தார். அதிகாரி பாயைத் தூக்கித் தரையைத் தொட்டுப் பார்த்தார். தகரத்துத் தண்ணீர் பாயின் அடியில் ஓடியிருந்தது.

"நிலத்தில ஈரம் இருக்குதே," என்றார்.

மழை காணாத நம் உப்பு மண்ணில் ஈரமாம்! மாஸ்டர் ஏதோ விளக்க முற்பட்டார். அதற்குள் ஜீப் சாரதி வாசலில் வந்து நின்றான். இருட்டுவதற்குமுன் மணற்பாதையைக் கடக்க வேண்டும். அதிகாரி எழுந்து கை கழுவி, எல்லோருக்கும் நன்றி கூறி, வேப்பமரத்தடியில் கிடந்த தார் மேசையைக் கடந்து போனார். சமைத்து முடித்த கிடாரங்கள் அதன்மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

ஆறு வாரம் காத்திருந்தோம். ஒருநாள் அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். அறையில் ஈரப்பதம் உள்ளமையாலும் உபகரணங்கள் காணப்படாமையாலும் விஞ்ஞானப் பிரிவுக்கு இப்போது அனுமதியில்லை. எனினும் மாணவியரின் சமையல் திறமையைக் கருத்திற்கொண்டு, மனைப்பொருளியலோடு கூடிய உயர்தரக் கலைப்பிரிவைத் தொடங்கலாம். அதற்கோர் ஆசிரியையும் அனுப்பப்படுவார். ஊர் கைதட்டியது. மரைக்கார் கண்கலங்கினார். நம் ஊருக்கு உயர்தரம் வந்துவிட்டது!

அன்று வாப்பா வாடியிலிருந்து நேரே கடைக்குப் போய் மஸ்கட் இனிப்பு வாங்கி, அயலெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் வீடு வந்தார். சற்றுப் பின்னால் மாஸ்டரும் வந்தார். நான் முன்னறைத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"இன்னும் பிந்தவில்ல. டவுன்ல இடம் இருக்குது," என்றார் மாஸ்டர். "பையன்கள் ரெண்டு பேரும் போகிறாங்க. அவளுக்கு நான் கதைச்சு வைக்கிறேன்."

வாப்பாவின் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. "என்ன மாஸ்டர் இது? அவ உயர்தரம் கேட்டா. ஊருக்குள்ள உயர்தரம் வந்திச்சி. நான் வாக்குக் குடுத்தேன், நிறவேத்துறேன்."

"அவ கேட்டது விஞ்ஞானம்."

"ரெண்டும் படிப்புத்தானே. இது பொம்புளப் புள்ளக்கு இன்னும் பொருத்தம்." பின்பு திரைப் பக்கம் திரும்பி, "என்ன மகள், சந்தோசந்தானே?" என்றார். அவர் கையில் எனக்கென்று தனியாக எடுத்துவைத்த மஸ்கட் துண்டு இருந்தது. எண்ணெய் தாளில் ஊறி விரல்களில் மினுங்கியது.

"ஓம் வாப்பா," என்றேன்.

மாஸ்டர் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மறுவருடம் அவருக்கு இடமாற்றம் கிடைத்தது.

மனைப்பொருளியல் வகுப்பு அந்தக் கல் அறையிலேயே நடந்தது. வந்த ஆசிரியை அன்பானவர். முதல் செய்முறைப் பாடத்தில் கேக் சுடுவதற்கு அகன்ற தட்டு தேவைப்பட்டது. அலுமாரியில் என் பிஸ்கட் டின் மூடி இருந்தது. கத்தியைச் சூடாக்கி மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெந்நீரில் கழுவி, மாவை ஊற்றினோம். கேக் நன்றாக வந்தது. அடியில் மட்டும் மெழுகுதிரி மணம் இலேசாக இருந்தது. அதை என்னைத் தவிர ஒருவரும் அறிந்ததாகத் தெரியவில்லை. இரண்டு தவணை முடிவில் ஆசிரியை திருமணமாகிப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக எவரும் வரவில்லை. பரீட்சை எழுதாமலேயே என் படிப்பு முடிந்தது.

அந்தப் பொருள்கள் எங்கே போயின என்று பின்னாளில் தேடிப் பார்த்ததுண்டு. போத்தல்கள் ஊறுகாய்க்குப் போயின. குழாய்களை எவரும் கண்டதில்லை. வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் மக்கள் வந்து பாடசாலையில் தங்கியிருந்தபோது, தார் மேசையின்மேல் ஒரு குழந்தை பிறந்ததாக உம்மா சொன்னார். அந்த ஆய்வுகூடத்தில் நடந்த உயிரியல் அது ஒன்றுதான். பின்பு அம்மேசையும் அடுப்புக்குப் போயிற்று.

சுறாவின் இதயத்துக்கு நாற்பதாண்டு கழித்துத்தான் பதில் கிடைத்தது. மாமி மகளின் மகன் படித்து முடித்த விலங்கியல் புத்தகத்தில் அதை வாசித்தேன். இதயத் தசை தன் துடிப்பைத் தானே பிறப்பிக்கிறது. அதற்கு மூளையின் ஏவல் தேவையில்லை. அந்தப் பக்கத்தை மூன்று முறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நெடுநேரம் வாசலில் நின்றேன். உம்மா அப்போது இல்லை, சொல்வதற்கு.

நம் பெரியவர்களை நான் குறைகூறவில்லை. அவர்கள் ஆய்வுகூடத்தைத் தம் பலகையாலும் தாராலும் கட்டினார்கள். தமக்குத் தெரிந்த மிக உயர்ந்த மரியாதையால் அதை மூடினார்கள். இரண்டையும் ஒரே கையால்தான் செய்தார்கள். அன்று வந்தவர் நம் விருந்தாளி என்று மரைக்கார் நினைத்தார். அவர் பார்க்க வந்தது எங்களை என்பதை எவரும் நினைக்கவில்லை.

இந்த ஆண்டு நம் பாடசாலையில் புதிய ஆய்வுகூடம் திறந்தார்கள் அல்லவா? பழைய மாணவர் என்று என்னையும் மாமி மகளையும் அழைத்திருந்தார்கள். நம் ஆறு பேரில் நடமாடக்கூடியவர்கள் நாங்கள் இருவர்தான். மாடிக் கட்டடம், வெள்ளை ஓடிட்ட தரை, கறுப்புக் கல் பதித்த மேசைகள், இழுப்பறையில் உண்மையான மெழுகுத் தட்டுகள். விஞ்ஞானப் பிரிவில் சேர இருக்கும் பிள்ளைகள் ஓரமாக நின்றார்கள். பெரும்பாலோர் பெண்கள். நான் ஒரு தட்டின் முகத்தை விரலால் தடவிப் பார்த்தேன்.

நாடா வெட்டி முடிந்தது. சோளகம் வீசிக்கொண்டிருந்தது. நான் வாசலுக்கு வந்தபோது, நிருவாகத்து இளைஞர்கள் நால்வர் சுருட்டிய பாய்களைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார்கள். பின்னால் சஹன் தட்டுகள் வந்தன.

நான் கதவின் குறுக்கே நின்றேன்.

"மாமி, கொஞ்சம் வெலகுங்க. பாய் விரிக்கணும்," என்றான் முன்னால் வந்தவன்.

"இங்க விரிக்க வேணாம் மகன்."

"வெளியில காத்து மாமி. சோத்துல மண் விழும்."

"விழட்டும்."

அவன் பாயைத் தோள் மாற்றிக்கொண்டான். பின்னால் நின்ற ஒருவன், "அதிகாரிமாரு இரிக்காங்க மாமி, ஊருக்குத்தானே மரியாத கொறயும்," என்றான். மரைக்காரின் பேரன் என்று பிறகு அறிந்தேன். குரல்கூட அதே குரல்தான். மாமி மகள் தன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அவ வெலக மாட்டா. நான் சின்ன வயசிலேந்து பாக்கிறேன்," என்றாள் அவள். "வேணுமெண்டா எங்க ரெண்டு பேரயும் தூக்கி வேப்பமரத்தடியில வெச்சிட்டு விரிங்க."

பாய்கள் கீழே இறங்கின. மரத்தடியில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தார்கள். அதிகாரிகளும் ஊராரும் காற்றுக்கு முதுகு கொடுத்து அமர்ந்தார்கள். நான் ஆய்வுகூடத்தின் கதவைச் சாத்திவிட்டுக் கடைசியாக வந்து பெண்களின் சஹனில் உட்கார்ந்தேன். முதல் கவளத்திலேயே பல்லிடுக்கில் மணல் நெறுநெறுத்தது. மாமி மகள் என்னைப் பார்த்தாள். அவளும் மென்றுகொண்டுதான் இருந்தாள்.

நான் துப்பவில்லை. விழுங்கினேன்.